டெபாசிட் கட்டச் சொல்வதற்கு முன்னால்

அன்புள்ள பாப்பா,

புது வேலையைப் பற்றி நீ எழுதியதைப் படித்தேன், அப்பாவுக்கும் படித்துக் காட்டினேன், பாதி வரைக்கும் கேட்டார், நான் விளக்கம் சொல்ல ஆரம்பித்ததும் எழுந்து போய்விட்டார். இரண்டு வருஷப் படிப்பு மட்டும் உள்ள கம்யூனிட்டி காலேஜிலிருந்து நான்கு வருஷப் பட்டத்துக்கு மாறி வருகிற பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு தனியார் பல்கலைக்கழகம் தனியாக ஆள் எடுத்திருக்கிறது என்பதே எனக்குச் சந்தோஷம், அந்த ஆள் நீ என்பது அதற்கும் மேலே.

முதல் வருஷத்தில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் மாற்ற முடியும் என்றால் எதை மாற்றலாம் என்று கேட்டிருந்தாய். நான் இங்கே கலிஃபோர்னியாவில் ஒரு கம்யூனிட்டி காலேஜில், பிள்ளைகளை அனுப்பி வைக்கிற பக்கத்தில் இத்தனை காலம் கவுன்சிலராக உட்கார்ந்திருக்கிறேன், நீ இப்போது வாங்கிக்கொள்கிற பக்கம் போயிருக்கிறாய், அதனால் யோசிக்கவே வேண்டாம், பதில் தயாராக இருக்கிறது. இடம் கிடைத்த மாணவரை, சேருகிறேன் என்று உறுதி செய்கிற டெபாசிட்டைக் கட்டச் சொல்வதற்கு முன்னால், அவர் முடித்த ஒவ்வொரு பாடமும் உங்கள் பட்டத்தில் எதற்கு ஈடாகும் என்று எழுத்தில் கொடுத்துவிடு. மற்றதெல்லாம் அப்புறம்.

ஏன் இதில் இவ்வளவு பிடிவாதம் என்றால், "உங்கள் கிரெடிட் எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்கிறோம்" என்று வருகிற கடிதத்தை நம்பிப் போன பிள்ளைகளை நிறைய பார்த்துவிட்டேன். ஏற்றுக்கொள்வது ஒன்று, பட்டத்துக்குக் கணக்காவது வேறு. 60 யூனிட், அதாவது இரண்டு வருஷக் கிரெடிட், கொண்டுபோகிற பெண்ணுக்கு 60-ம் டிரான்ஸ்கிரிப்டில் ஏறியிருக்கும், பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் அதில் பாதி வெறும் எலெக்டிவ், அதாவது விருப்பப் பாடம், என்று போய் உட்கார்ந்துகொள்ளும், மேஜர் என்கிற முதன்மைப் பாடத்துக்கும் உதவாது, பொதுப்பாடத் தேவைக்கும் உதவாது. ஜூனியர், அதாவது மூன்றாம் வருஷம், என்று நினைத்துப் போனவள், பாடத்திட்டத்தின்படி பார்த்தால் இரண்டாம் வருஷ சோஃபமோர். இது எப்போது தெரியவரும்? பழைய வீட்டைக் காலி செய்து, பார்த்த வேலையை விட்டு, பணத்தைக் கட்டிய பிறகு, ஆகஸ்ட் மாத ஓரியண்டேஷனில் தெரியவரும். அமெரிக்க நாடாளுமன்றத்துக்காகக் கணக்குப் பார்க்கிற ஜிஏஓ அலுவலகம் 2017-இல் ஒரு அறிக்கை வெளியிட்டது. 2004-லிருந்து 2009 வரை கல்லூரி மாறியவர்கள் சராசரியாகத் தங்கள் கிரெடிட்டில் 43 சதவீதத்தை இழந்தார்கள் என்பது அதிலுள்ள மதிப்பீடு. கிட்டத்தட்ட பாதி! அரசுக் கல்லூரியில் இப்படிப் போனால் வருத்தம், தனியாரில் போனால் கடன்.

இங்கே அரசுப் பக்கம் எங்களுக்கு அசிஸ்ட் என்று ஒரு இணையதளம் இருப்பது உனக்குத் தெரியும். எந்தக் கம்யூனிட்டி காலேஜின் எந்தப் பாடம் எந்த யூசி அல்லது கால் ஸ்டேட் (இரண்டும் மாநில அரசுப் பல்கலைக்கழக அமைப்புகள்) வளாகத்தில் எதற்கு ஈடு என்று மாணவரே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். குறை இல்லாமல் இல்லை, ஆனால் பார்க்க ஒரு இடம் இருக்கிறது. பெரும்பாலான தனியார் கல்லூரிகளுக்கு அப்படி ஒரு பொது இடம் இல்லை, ஒவ்வொன்றும் ஒரு தனி நாடு, தனி விசா. சில இடங்கள் தாங்களாகவே ஒழுங்காக வைத்திருக்கின்றன. லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள தனியார் பல்கலைக்கழகமான யூஎஸ்சியின் விதி கடுமையானது, பட்டத்துக்கான 128 யூனிட்டில் குறைந்தது 64 அங்கேயே படிக்க வேண்டும், வெளியிலிருந்து 64-க்கு மேல் கொண்டுபோக முடியாது. ஆனால் அந்த விதி வெளிப்படையாக இருக்கிறது, எந்தப் பாடம் எதற்குப் பொருந்தும் என்ற பட்டியலும் கிடைக்கிறது, அதனால் நான் முதல் செமஸ்டரிலேயே ஒரு பையனை உட்கார வைத்து, "64-க்கு மேல் எடுத்து வீணாக்காதே, இந்த வரிசையில் எடு" என்று சொல்லிவிட முடிகிறது. விதி கடுமையாக இருப்பது எங்களுக்குப் பிரச்சினையே இல்லை. என்ன விதி என்று தெரியாமல் இருப்பதுதான் பிரச்சினை.

உங்கள் இடத்தில் யார் முடிவு செய்கிறார்கள் என்று முதலில் கண்டுபிடி. பெரும்பாலும் பொதுப்பாடங்களை மாணவர் பதிவுகளை வைத்திருக்கிற ரெஜிஸ்ட்ரார் அலுவலகம் பார்க்கும், மேஜர் பாடங்களைத் துறைத்தலைவர் பார்ப்பார், அந்தத் துறைத்தலைவர் ஜூன், ஜூலையில் ஊரில் இருக்க மாட்டார். போன வருஷம் இதே கல்லூரியிலிருந்து இதே புள்ளியியல் பாடத்தைக் கொண்டுவந்த மாணவருக்கு ஒப்புதல் கொடுத்திருப்பார், இந்த வருஷம் வருகிறவர் மறுபடி சிலபஸைத் தேடி அனுப்பிக் காத்துக்கொண்டிருப்பார். ஒரு தடவை ஒப்புக்கொண்டதை ஒரு பட்டியலில் ஏற்றி வை, அடுத்த தடவை கேட்காதே. மென்பொருள் வாங்கித் தருகிறோம் என்பார்கள், வரட்டும், அதுவரைக்கும் ஒரு எக்செல் ஷீட் போதும். துறைத்தலைவர்களை மே மாதத்துக்குள் பிடித்துவிடு.

செமஸ்டர் (வருஷத்தில் இரண்டு பருவம்), குவார்ட்டர் (படிப்பு வருஷத்தில் மூன்று பருவம்) விவகாரத்தையும் கவனி. உங்கள் இடம் குவார்ட்டர், இங்கே எங்கள் கல்லூரிகளில் பெரும்பாலானவை செமஸ்டர். ஒரு செமஸ்டர் யூனிட் ஒன்றரை குவார்ட்டர் யூனிட் என்ற கணக்கை எல்லாரும் சரியாகப் போட்டுவிடுகிறார்கள். பாட வரிசைதான் நடுவில் உடைகிறது. இங்கே கால்குலஸை இரண்டு செமஸ்டரில் நடத்துவதை அங்கே மூன்று குவார்ட்டரில் நடத்துவீர்கள். ஒரு செமஸ்டர் மட்டும் முடித்து வருகிற பிள்ளை உங்கள் முதல் குவார்ட்டரைத் தாண்டி, இரண்டாவதில் பாதி படித்த நிலையில் வந்து நிற்கும். இரண்டாவதில் சேர்த்தால் பாதி திரும்பப் படிக்க வேண்டும், மூன்றாவதில் சேர்த்தால் பாதி தெரியாது. வரிசையை இங்கேயே முடித்துவிட்டு வரச் சொல் என்று எங்களுக்கு ஒரு வரி எழுதிவிட்டால் போதும், நாங்கள் சொல்லிவிடுவோம். எழுதத்தான் யாருக்கும் தோன்றுவதில்லை.

சரி, பணம். இங்கேதான் தனியார் பல்கலைக்கழகம் வேறு மாதிரி. பெரிய மெரிட் ஸ்காலர்ஷிப்புகளைப் பள்ளியிலிருந்து நேராக வருகிறவர்களுக்கு என்றுதான் பல இடங்கள் ஒதுக்கி வைத்திருக்கின்றன, மாறி வருகிறவர்களுக்குச் சின்னதாக ஒன்று இருக்கும், அதுவும் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். மத்திய அரசின் உதவித்தொகைக்கான ஃபாஃப்சா விண்ணப்பம் போதாது, கல்லூரியின் சொந்த உதவித்தொகைக்கான சிஎஸ்எஸ் ப்ரொஃபைலும் நிரப்பு என்பீர்கள். அதில் பிரிந்து போன அப்பாவின் வருமானத்தையும் பல கல்லூரிகள் கேட்கும், என் மாணவர்களில் சிலர் அந்த அப்பாவைப் பார்த்தே பல காலம் ஆகியிருக்கும். விலக்கு கேட்டு விண்ணப்பிக்க வழி உண்டு என்பது அந்தப் பிள்ளைக்கு யாராவது சொன்னால்தானே தெரியும், நீ சொல். குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மத்திய அரசு தருகிற பெல் கிராண்ட் வாழ்நாளில் 12 முழுநேர செமஸ்டர் அளவுக்குத்தான். வேலை பார்த்துக்கொண்டே மெதுவாகப் படித்து, மேஜரும் மாற்றி வந்தவர் அதில் பாதிக்கு மேல் இங்கேயே செலவழித்திருப்பார். உங்கள் உதவித்தொகைக் கடிதத்தில் முதல் வருஷக் கணக்கு மட்டும் இருக்கும். நீ பக்கத்தில் உட்கார்ந்து பட்டம் முடிகிற நாள் வரைக்குமான கணக்கைப் போட்டுக் காட்டு. இரண்டு வருஷமா, இரண்டரையா, மூன்றா என்பதை வைத்துத்தான் அந்தக் குடும்பம் சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்ல முடியும். கணக்கைப் பார்த்துவிட்டு அரசுக் கல்லூரிக்கே போகிறேன் என்று ஒரு பிள்ளை சொன்னால் தடுக்காதே, உங்கள் அட்மிஷன் ஆட்கள் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

"இவர்களால் இங்கே தாக்குப்பிடிக்க முடியுமா" என்று உங்கள் பேராசிரியர் யாரோ கேட்டதாக எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. மாறி வந்த முதல் பருவத்தில் ஜிபிஏ, அதாவது சராசரி மதிப்பெண், கொஞ்சம் இறங்கும் என்பது பழைய செய்தி. ஜான் ஹில்ஸ் என்பவர் 1965-லேயே பழைய ஆய்வுகளைத் திரட்டி, அதற்கு டிரான்ஸ்ஃபர் ஷாக் என்று பெயர் வைத்து எழுதிவிட்டார். அதே ஆய்வுகளில் பெரும்பாலும் அந்த மதிப்பெண் பிறகு ஏறுவதும் இருக்கிறது, அதை மட்டும் யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. ஜாக் கென்ட் குக் ஃபவுண்டேஷன் 2019-இல் வெளியிட்ட அறிக்கையை அந்தப் பேராசிரியருக்கு அனுப்பு. கடும் போட்டி உள்ள கல்லூரிகளில் கம்யூனிட்டி காலேஜிலிருந்து போனவர்களில் 75 சதவீதம் ஆறு வருஷத்துக்குள் பட்டம் வாங்கினார்கள், பள்ளியிலிருந்து நேராகப் போனவர்களில் 73 சதவீதம். அவர்களை எடுத்ததே தேறுவார்கள் என்று பார்த்துத்தானே.

என் பக்கத்து நிலவரத்தையும் மறைக்க மாட்டேன். கம்யூனிட்டி காலேஜில் சேருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் நான்கு வருடப் பட்டம் வேண்டும் என்றுதான் வருகிறார்கள், ஆனால் மூன்றில் ஒருவர்தான் மாறிப் போகிறார், ஆறு வருஷத்துக்குள் பட்டம் வாங்குகிறவர் நூற்றுக்குப் பதினாறு பேர் அளவில்தான். உன் மேஜைக்கு வருகிறவர் அவ்வளவு வடிகட்டலைத் தாண்டி வந்தவர். அவரிடம் நேரத்தை எப்படித் திட்டமிடுவது என்று வகுப்பு எடுக்கிறேன் பேர்வழி என்று ஆரம்பித்துவிடாதே, இரண்டு வேலை பார்த்துக்கொண்டு படித்தவருக்கு அது நம்மைவிட நன்றாகத் தெரியும்.

முதல் பருவம் இறங்குவதற்கு நீங்கள் செய்கிற ஒரு காரியமும் காரணம். புதிதாக வருகிறவர்களுக்குப் பதிவு கடைசியில்தான் திறக்கிறது. அதற்குள் நல்ல நேரத்து வகுப்புகள், நல்ல ஆசிரியர்கள் எல்லாம் போயிருக்கும். மிச்சம் இருக்கிற கடினமான மேல்நிலைப் பாடங்கள் நான்கையும் ஒரே பருவத்தில் எடுத்துக்கொண்டு அந்தப் பிள்ளை திணறும். ஒவ்வொரு மேஜரிலும் சில இடங்களை இவர்களுக்காகப் பிடித்து வைக்கச் சொல்லிக் கேள். முதல் பருவத்துக்கு இரண்டு கடினமான பாடம் போதும், மற்றவை லேசாக இருக்கட்டும்.

ஓரியண்டேஷனில் பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு வட்டமாக உட்கார வைத்து விளையாட்டு நடத்தாதே, தயவு செய்து. ராணுவத்திலிருந்து வந்தவர், இரண்டு குழந்தைக்குத் தாய், முப்பத்தைந்து வயதுக்காரர் என்று வருவார்கள். அவர்களுக்கு வேண்டியது பார்க்கிங் எங்கே, சிலபஸ் யாரிடம் கொடுப்பது, குழந்தையைப் பார்த்துக்கொள்ள இடம் உண்டா, அவ்வளவுதான். விடுதி கேட்கிற இளையவர்களும் உண்டு. முதல் ஆண்டு மாணவர்களுக்கு விடுதி உறுதி, மாறி வருகிறவர் மீதம் இருந்தால் பார்க்கலாம் என்று சொல்கிற இடங்களை எனக்குத் தெரியும். உங்கள் விடுதி அலுவலகம் என்ன சொல்கிறது என்று விசாரி.

இன்னொன்று யாரும் பேசுவதே இல்லை. இவர்களுக்கு அங்கே இருக்கிற காலமே இரண்டு வருஷம். செப்டம்பரில் உள்ளே வந்து வழி தெரிவதற்குள் அடுத்த கோடைக்கான இன்டர்ன்ஷிப்புக்கு நிறுவனங்கள் ஆள் எடுக்க வந்துவிடுகின்றன. உங்கள் டிரான்ஸ்கிரிப்டில் இவருக்கு இன்னும் ஒரு மதிப்பெண்கூட இல்லை, சிபாரிசுக் கடிதம் கொடுக்க ஒரு பேராசிரியரைத் தெரியாது. மற்ற ஜூனியர்கள் இரண்டு வருஷத்தில் சேர்த்துக்கொண்ட அறிமுகங்களை இவர் இரண்டு வாரத்தில் சேர்க்க வேண்டும். அதனால் வேலைவாய்ப்பு மையத்தையும் ஓரிரண்டு பேராசிரியர்களையும் ஜூலையிலேயே ஜூமில் அறிமுகம் செய்துவிடு, பழைய கல்லூரி ஆசிரியரின் கடிதத்தையும் ஏற்றுக்கொள்ளச் சொல்லு. தனியார் கட்டணம் கட்டுவதற்குக் காரணமே சின்ன வகுப்பும் பேராசிரியரோடு சேர்ந்து ஆராய்ச்சி செய்கிற வாய்ப்பும்தானே, அதுவே கிடைக்காமல் போனால் எதற்கு?

நன்றாக நடத்துகிறவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளக் கூச்சப்படாதே. வாஸர் காலேஜ் 1985-லிருந்து கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களைக் கோடையில் சில வாரங்கள் இலவசமாக வளாகத்திலேயே தங்க வைத்துப் பாடம் நடத்துகிறது. வாஸர் ஆசிரியரும் கம்யூனிட்டி காலேஜ் ஆசிரியரும் சேர்ந்து நடத்துகிறார்கள் என்பதுதான் எனக்கு அதில் பிடித்த விஷயம், அங்கிருந்து திரும்பி வருகிற ஆசிரியர் தன் மற்ற மாணவர்களையும் அந்த மாதிரி வாசிக்க வைப்பார். ஸ்மித் காலேஜ் வயதில் மூத்த பெண்களுக்காக ஏடா காம்ஸ்டாக் திட்டத்தை 1975-இல் தொடங்கியது. பிரின்ஸ்டனோ 1990-லிருந்து மாறி வருகிற மாணவர்களையே எடுக்காமல் இருந்து, 2018-இல்தான் மறுபடி கதவைத் திறந்தது, முதல் தடவை சேர்ந்தவர்கள் ஒன்பது பேர். ஒன்பது பேரை மொத்தமாக ஒரு வேனில் ஏற்றிவிடலாம், ஆனாலும் செய்தி வந்த வாரம் என் அறைக்கு வந்த பிள்ளைகள் எல்லாரும் அதைத்தான் கேட்டார்கள்.

உங்கள் இடத்துக்குப் பெரிய திட்டமெல்லாம் இப்போது வேண்டாம். உன் பெயரையும் நேரடி எண்ணையும் இடம் கிடைத்த கடிதத்திலேயே போடச் சொல், நான்கு அலுவலகத்துக்கு அவர்கள் அலையாமல் உன்னிடம் வரட்டும். மாறி வந்து ஒரு வருஷம் ஆன மாணவர்கள் சிலருக்குச் சம்பளம் கொடுத்து உன் அறையில் உட்கார வை. சம்பளம் கொடுத்து என்று அழுத்திச் சொல்கிறேன், இவர்களை இலவசமாக வேலை வாங்காதீர்கள், அந்த நேரத்தில் அவர்கள் வேறு எங்கோ சம்பாதித்துக்கொண்டிருக்க வேண்டியவர்கள்.

நீங்கள் இப்போது அனுப்புகிற கிரெடிட் மதிப்பீட்டுக் கடிதத்தின் நகல் ஒன்று, பெயரை எல்லாம் அழித்துவிட்டு, எனக்கு அனுப்பு. ஒரு மாணவர் அதை வைத்துக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்தால் என்னென்ன கேட்பாரோ அதையெல்லாம் ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்புகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் வந்தால் நல்லது, திங்களிலிருந்து இங்கே விண்ணப்பக் கூட்டம் ஆரம்பித்துவிடும்.

அன்புடன்,
அம்மா