தமிழ் மென்பொருளுக்கு ஏற்புச் சோதனை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வங்கிச் செயலி, பேருந்து முன்பதிவு, வரி கட்டும் இணையதளம் என்று பலவற்றிலும் இன்று தமிழைத் தேர்ந்தெடுக்க முடிகிறது. ஆனால் பட்டன்களில் இருக்கும் சொற்களை மட்டும் மொழிபெயர்த்துவிட்டு, 'தமிழ் வசதி உண்டு' என்று ஒப்படைத்துவிடுகிறார்கள். பெயர்களை வரிசைப்படுத்துவது, தேடுவது, நீளம் பார்த்து வெட்டுவது, தொகையையும் தேதியையும் எழுதிக் காட்டுவது எல்லாம் அடியில் இருக்கும் மென்பொருள் நூலகத்தின், அதாவது பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் ஆயத்த நிரல்தொகுப்பின், வேலை. அந்த நூலகத்துக்கு எந்த மொழி, எந்த நாடு என்று சொல்லும் அமைப்பைத்தான் நிரலாளர்கள் 'லொக்கேல்' என்கிறார்கள். தமிழ் லொக்கேலைச் சோதிக்காமல் ஒப்படைப்பதும், கேட்காமல் வாங்கிக்கொள்வதும் நிற்க வேண்டும். மென்பொருளை ஏற்றுக்கொள்ளுமுன் அது தேறவேண்டிய ஏற்புச் சோதனைகள் சிலவற்றைச் சொல்கிறேன்.

முதல் சோதனை அகரவரிசை. மக்கள், மகன், மரம், மலை, மழை, மறை, மனை ஆகிய ஏழு சொற்களைக் கலைத்துப்போட்டு அடுக்கச் சொல்லுங்கள். அகராதி முறைப்படி இதே வரிசை திரும்ப வரவேண்டும். மகன், மக்கள், மனை, மரம், மறை, மலை, மழை என்று வந்தால், லொக்கேலைப் பார்க்காமல் யூனிகோடு எண்களை (எழுத்துகளுக்குக் கணினியில் கொடுத்திருக்கும் எண்களை) வைத்து அடுக்கியிருக்கிறது என்று பொருள். யூனிகோடில் ன என்பது ந-வை அடுத்தும், ற என்பது ர-வை அடுத்தும் இடம்பெற்றிருக்கின்றன. நம் நெடுங்கணக்கில் இவ்விரண்டும் கடைசி. புள்ளிக்கும் மற்ற எழுத்துகளைவிடப் பெரிய எண் என்பதால், மெய் முன்னும் உயிர்மெய் பின்னும் வரவேண்டியது தலைகீழாகிறது. பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் ஆகிய நிரல்மொழிகள் இரண்டிலும் இயல்பாகக் கிடைக்கும் 'சார்ட்' என்ற வரிசைப்படுத்தும் கட்டளை இப்படித்தான் நடந்துகொள்ளும். பயனாளிகள் பட்டியலை அச்சிட்டு ஒட்டினால், தன் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் தேடுபவருக்கு அது கிடைக்காது. இத்தனைக்கும் தமிழ் வரிசைக்கான விதியை யாரும் புதிதாக எழுத வேண்டியதில்லை. யூனிகோடு கூட்டமைப்பின் சி.எல்.டி.ஆர். தரவுத் தொகுப்பில் அது இருக்கிறது, ஐ.சி.யூ. நூலகம் அதைப் பயன்படுத்துகிறது. தமிழுக்கான ஒப்பீட்டுக் கருவியைக் கேட்டு வாங்கினால் போதும்.

இந்தச் சோதனையை நிரலாளரின் மடிக்கணினியில் மட்டும் ஓட்டிப் பயனில்லை. லினக்ஸ் சர்வரில் தமிழ் லொக்கேல் நிறுவப்படாமல் இருந்தால் அதை அமைக்கும் அழைப்பு தோல்வியடையும். ஆனால் சி மொழியில் எழுதிய நிரல் அந்தத் தோல்வியைக் கவனிக்காவிட்டால், ஒரு பிழைச் செய்தியும் இல்லாமல் 'சி' என்ற அடிப்படை லொக்கேலிலேயே ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே நிறுவியுள்ள லொக்கேல்களின் பட்டியலை முதலில் எடுத்துப் பாருங்கள். சர்வர்களில் நிறுவும் ஆல்பைன் லினக்ஸ் என்ற சிறிய லினக்ஸ் வகையின் படிமங்களில் நிலைமை இன்னும் மோசம்: அதிலுள்ள மசல் நூலகம் லொக்கேலுக்கேற்ப வரிசைப்படுத்துவதே இல்லை. ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை சர்வரில் ஓட்டும் நோட் ஜேஎஸ் மென்பொருளின் 13-ஆம் பதிப்புக்கு முந்தையவற்றில் இயல்பாக ஆங்கிலத் தரவு மட்டுமே இருந்தது. தமிழைக் கேட்டாலும் சத்தமில்லாமல் ஆங்கில முறையில் விடை தரும். பழைய சர்வர்களை வைத்திருப்போர் இதைச் சரிபார்க்க வேண்டும்.

அடுத்தது நீளம். 'தமிழ்ச்செல்வன்' என்ற பெயரில் நாம் எண்ணும் எழுத்துகள் 8, யூனிகோடு குறிகள் (எழுத்து, உயிர்க்குறி, புள்ளி ஒவ்வொன்றும் ஒரு குறி) 14, கணினியில் சேமிக்கும் யூ.டி.எஃப்.-8 முறையில் 42 பைட். தரவுத்தளத்தில் பெயருக்கு 30 பைட் என்று ஒதுக்கியிருந்தால் இந்தப் பெயர் நுழையாது, அல்லது பாதியில் அறுபடும். குறுஞ்செய்தியிலும் இதே தொல்லை. ஆங்கிலத்தில் 160 குறிகள் கொள்ளும் ஒரு செய்தியில் தமிழுக்கு 70 குறிகளுக்கே இடம். அங்கே கண்ணை மூடிக்கொண்டு வெட்டினால், 'வந்தாள்' என்பது புள்ளி இழந்து 'வந்தாள' என்று போய்ச் சேரும். வெட்டும் இடம் குறியின் எல்லையாக இல்லாமல் முழு எழுத்தின் எல்லையாக இருக்கிறதா என்று, ஒவ்வொரு நீளத்திலும் வெட்டிப் பார்த்தே உறுதி செய்யவேண்டும்.

மிகுந்த கவனம் கேட்பது தேடல். 'கொடுமுடி'யின் முதலெழுத்தை இரண்டு விதமாக உள்ளிடலாம்: க-வுடன் ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்க்கலாம், கொம்பையும் காலையும் தனித்தனியாகவும் போடலாம். திரையில் வேறுபாடு தெரியாது. கணினிக்கு இரண்டும் வேறு சொற்கள். சேமிக்கும்போதும் தேடும்போதும் இப்படி இரு விதமாக வருவதை ஒரே வடிவமாக்கும் யூனிகோடின் என்.எஃப்.சி. இயல்பாக்கத்தைச் செய்தால் இது தீரும். 'சௌந்தரம்' அப்படித் தீராது. ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பும் ள-வும் போட்டு எழுதுவோர் ஏராளம். இயல்பாக்கம் இதைத் தொடாது. கொம்பும் ள-வும் வரும் இடத்தையெல்லாம் ஔகாரமாக மாற்று என்று விதி எழுதிவிடாதீர்கள். 'வெள்ளி'யும் 'தெளிவு'ம் சிதைந்துவிடும். ள-வுக்குப் பின் புள்ளியோ உயிர்க்குறியோ இல்லாத இடங்களை மட்டும் பிரித்தெடுத்து, ஒருவர் கண்ணால் பார்த்துத் திருத்துவதே பாதுகாப்பு. ஸ்ரீ என்ற எழுத்துக்கும் இரண்டு குறியீட்டு வழிகள் உள்ளன. அதையும் சோதனைப் பட்டியலில் சேர்க்கவேண்டும்.

பெயர்ப் பெட்டியில் 'செல்லாத எழுத்து' என்று செயலி அடம்பிடித்தால், உள்ளிட்ட எழுத்துகள் ஏற்கத்தக்கவையா என்று பார்க்கும் விதியான ரெஜெக்ஸ்தான் பெரும்பாலும் காரணம். பைத்தானின் வழக்கமான ரெஜெக்ஸ், உயிர்க்குறியையும் புள்ளியையும் சொல்லின் பகுதியாக ஏற்பதில்லை. 'தமிழ்' என்று கொடுத்தால் 'தம', 'ழ' என்று இரண்டு துண்டுகள் வரும்.

தொகைக்கு ஒரே ஒரு சோதனை போதும்: 1234567 என்பது இந்தியத் தமிழ் லொக்கேலில் 12,34,567 என்றும், சிங்கப்பூர், மலேசியத் தமிழ் லொக்கேல்களில் 1,234,567 என்றும் வரவேண்டும். மொழியை மட்டும் கொடுத்து நாட்டை விட்டுவிட்டால் சிங்கப்பூர்வாசிக்கு லட்சக் கணக்கு வந்து நிற்கும். வாக்கியங்களில் ஊர்ப்பெயரோடு 'இல்' ஒட்டும் வார்ப்புருக்களையும் பாருங்கள். மதுரை 'மதுரையில்' ஆகும், சேலம் 'சேலத்தில்' ஆகும்; ஒட்டுப்போட்டால் 'சேலம்இல்' என்று வரும். 'இடம்: சேலம்' என்று வாக்கியத்தையே மாற்றி எழுதுவது நல்லது.

நூலகம் எழுதுவோர் தங்கள் சோதனைத் தொகுப்பு முழுவதையும் துருக்கி லொக்கேலிலும் ஒருமுறை ஓட்டவேண்டும். அங்கே பெரிய 'I' எழுத்தைச் சிறியதாக்கினால் 'i' வராமல் புள்ளியில்லாத 'ı' கிடைக்கும்; லொக்கேலைக் கவனிக்காமல் எழுதிய உள்நிரல்கள் உடனே அகப்படும்.

மென்பொருள் வாங்கும் துறைகளும் நிறுவனங்களும் ஒப்பந்தத்திலேயே இவற்றை ஏற்புச் சோதனையாகச் சேர்த்து, மக்கள் பயன்படுத்தப்போகும் அதே சர்வரில் ஓட்டிக்காட்டச் சொல்லவேண்டும். இயங்குதளத்தைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் திரும்ப ஓட்டவேண்டும். 2018-இல் வந்த, லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியின் 2.28 பதிப்பில் வரிசைப்படுத்தும் விதிகள் மாறியபோது, போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் பழைய விதியில் கட்டிய இன்டெக்ஸ்கள் (தேடலுக்கான அட்டவணைகள்) பிழைபட்டு, தரவுத்தளத்தில் இருக்கும் பதிவையே 'இல்லை' என்று சொல்லும் நிலை வந்தது. அவற்றை மீண்டும் கட்டுவது ஒன்றே வழி. இந்த வேலையும் பராமரிப்பு ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கவேண்டும்.

இப்படிக்கு,
மென்பொருள் சோதனையாளர் ஒருவர்,
கோவை.