வாஸ்கோடகாமாவை எதற்காகக் கொண்டாட வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வாஸ்கோடகாமாவின் முதல் பயணம் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஏறக்குறைய மூன்று மாதம் கரையே கண்ணில் படாமல் அட்லாண்டிக் கடலில் கப்பல் ஓட்டிய துணிச்சலை நானும் மறுக்கவில்லை. ஆனால் 1499இல் அவர் லிஸ்பன் திரும்பியதோடு கட்டுரை நின்றுவிட்டது. பள்ளிப் பாடத்திலும் இப்படித்தான் படித்தோம். அதே மனிதர் 1502இல் பீரங்கிக் கப்பல்களோடு மறுபடி வந்து செய்ததை விட்டுவிட்டு அவரைப் புகழ எனக்கு மனம் ஒப்பவில்லை.

அந்த ஆண்டு மெக்காவிலிருந்து யாத்திரிகர்களோடு வந்துகொண்டிருந்த மீரி என்ற கப்பலை மலபார் கரையருகே அவர் மறித்தார். பெண்கள், குழந்தைகள் உட்பட நூற்றுக்கணக்கானோர் அதில் இருந்தார்கள். கப்பலில் இருந்த வணிகர்கள் உயிருக்கு ஈடாகப் பெரும் செல்வம் தருவதாகச் சொன்னார்கள். காமா பொருள்களை எடுத்துக்கொண்டார். ஆட்களை உள்ளே வைத்தே கப்பலைக் கொளுத்தச் சொன்னார். தாய்மார்கள் நகைகளை நீட்டி, கைக்குழந்தைகளைத் தூக்கிக் காட்டிக் கெஞ்சியும் அவர் இரங்கவில்லை. இதைக் கண்ணால் பார்த்து எழுதிவைத்த தோமே லோப்பஸ், அவருடைய படையிலேயே வந்த போர்த்துகீசியர்.

அந்தக் காலத்தில் எல்லாருமே அப்படித்தான் என்று சிலர் சொல்வார்கள். சரி, அப்படியானால் அந்த நாளை ஆயுள் முழுக்க மறக்க மாட்டேன் என்று லோப்பஸ் ஏன் எழுத வேண்டும்? அதே காலத்துக் கோழிக்கோட்டில் அராபியரும் குஜராத்திகளும் வணிகம் செய்து வாழ்ந்தார்கள். பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனக் கடற்படைத் தளபதி செங் ஹேயின் பிரம்மாண்டமான கப்பல்களும் அங்கே வந்துபோயின. முஸ்லிம் வணிகர்களை நகரைவிட்டு விரட்டச் சொல்லி மிரட்டியவர் காமாதான். கோழிக்கோட்டு மன்னர் சாமூதிரி மறுத்தார். பிடிபட்டவர்களைக் கப்பலிலேயே தூக்கிலிட்டு, வெட்டிய கைகால்களைப் படகில் போட்டுக் கரைக்கு அனுப்பினார் காமா. அப்புறம் நகரத்தின் மேல் பீரங்கிக் குண்டுகள் விழுந்தன.

முதல் பயணத்தில் அவர் கண்டுபிடித்ததாகச் சொல்லும் கடல்வழி விஷயத்துக்கும் வருகிறேன். ஆப்பிரிக்காவின் மாலிந்தியில் ஏற்றிக்கொண்ட மாலுமிக்கு இந்தப் பக்கத்துக் காற்றும் கடலும் அத்துப்படி. அவர் வழிகாட்டியதால் ஒரு மாதத்துக்குள் கோழிக்கோடு வந்து சேர்ந்தார்கள். திரும்பும்போது பருவக்காற்றுக்குக் காத்திராமல் கிளம்பியதில் அதே கடலைத் தாண்ட ஏறக்குறைய மூன்று மாதம் ஆனது. ஆட்கள் பலர் ஸ்கர்வி நோயில் மடிந்தார்கள். அந்த மாலுமியைப் பற்றிப் பள்ளியில் நாங்கள் படிக்கவே இல்லை.

அந்தப் பயணத்தின் 500ஆம் ஆண்டை 1998இல் விழாவாக எடுப்பதற்கு இங்கே எதிர்ப்பு எழுந்தது. அது முழுக்க நியாயமான எதிர்ப்பு. கோவாவில் ஓர் ஊரே இன்றும் அவர் பெயரில் இருக்கிறது. பெயரை மாற்றுவதா வேண்டாமா என்பதை அந்த ஊர் மக்கள் முடிவு செய்யட்டும். கொச்சியில் அவரை முதலில் புதைத்த தேவாலயமும் வரலாற்றுச் சின்னமாக இருக்கட்டும். நான் கேட்பது இரண்டுதான். பாடத்தில் 1498 வரும் பக்கத்திலேயே 1502ஐயும் மாணவர்கள் படிக்க வேண்டும். அவர் வந்திறங்கியதைச் சொல்லும் கல் நிற்கும், கோழிக்கோட்டுக்கு அருகிலுள்ள காப்பாட்டில், மீரி கப்பலில் எரிந்துபோனவர்களுக்கும் ஒரு கல் வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்