பாம்பனிலிருந்து செல்விக்கு

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அம்மாவுக்கு முட்டுவலி, அதனால்தான் தாமதம். இப்போது பரவாயில்லை. உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

கடல்பாசி வளர்ப்புக்கான அரசுப் பூங்காவைப் பற்றி விசாரித்திருந்தாய். நம் ராமநாதபுரம் மாவட்டத்து வலமாவூரில் 2023 இல் அடிக்கல் நாட்டினார்கள். 127 கோடி ரூபாய்த் திட்டம். நாலு பேருக்கு வேலை கிடைத்தால் நல்லதுதான். என் மனசு கிடப்பது வேறு இடத்தில்.

அம்மா பாசிக்குப் போன நாட்கள் நினைவிருக்கிறதா? சேலைக்கு மேல் அப்பாவின் பழைய சட்டை, பத்து விரலிலும் கிழிசல் துணிச்சுற்று. சாயந்திரம் அந்தத் துணியை அவிழ்த்தால் விரல்கள் வெளுத்துச் சுருங்கி, பாறை கீறிய கோடுகளோடு இருக்கும். மரிக்கொழுந்துப் பாசியைக் கையால்தான் பறிக்க வேண்டும், இரும்புச் சுரண்டி ஆகாது என்று பெண்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். மாதத்தில் 12 நாள்தான் கடலில் இறங்குவது: அமாவாசையை ஒட்டி ஆறு, பௌர்ணமியை ஒட்டி ஆறு. மற்ற நாளில் பாசி வளரட்டும்.

1986 இல் மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சேர்த்து 560 சதுர கிலோமீட்டரைத் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். அது வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். பவளப்பாறையை வெட்டி ஏற்றிய காலம் ஒன்று இருந்ததே. இரண்டு தீவுகள் நீருக்குள்ளேயே போய்விட்டன. ஆனால் அந்தச் சட்டத்துக்கு, கையால் பறித்த அம்மாவும் அத்துமீறி நுழைந்தவள்தான். வளர்ப்புக்கென்று வெளியிலிருந்து கொண்டுவந்த கப்பாபைகஸ் பாசியோ குருசடைத் தீவுப் பவளத்தின் மேல் படர்ந்ததை 2008 இலேயே ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். அதைக் கொண்டுவரும்போது இந்தப் பெண்களில் ஒருத்தியிடமாவது கேட்டிருப்பார்களா?

போன வாரம் ஓர் அலுவலகத்தில் கூட்டம். திரையில் கடலைக் கட்டம் கட்டமாகப் பிரித்து நிறம் பூசியிருந்தார்கள். பக்கத்துவீட்டு அத்தை எழுந்து, “ஐயா, இதுல நாங்க போற வழி எங்க இருக்கு?” என்றாள். யாரும் வாயைத் திறக்கவில்லை. அடுத்த படத்துக்குப் போய்விட்டார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது, செல்வி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பௌர்ணமிப் பாசி முடிந்ததும் எல்லோரும் உட்கார்ந்து மனு எழுதப் போகிறோம். விதி எழுதும் இடத்தில் எங்களுக்கும் இடம் வேண்டும் என்பதுதான் கோரிக்கை. சட்ட வார்த்தைகள் உனக்குத்தான் தெரியும். இரண்டு நாள் லீவு போட்டு வா. அம்மா நண்டுக் குழம்பு வைப்பதாகச் சொல்லியிருக்கிறாள்.

அன்புடன்,
மேரி