மனஉறுதி பேட்டரி இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். மனஉறுதி பேட்டரி மாதிரி, முடிவெடுக்க எடுக்கத் தீர்ந்துபோகும் என்று உங்கள் நலவாழ்வுப் பக்கத்தில் எழுதியிருந்தார்கள். மருத்துவமனை வார்டில் இரவுப் பணி பார்க்கும் செவிலியர் நான். என்னால் அதை அப்படியே ஏற்க முடியவில்லை.

களைப்பு பொய் என்று சொல்லவரவில்லை. யாரை முதலில் பார்ப்பது, டாக்டரை இப்போதே எழுப்புவதா, கொஞ்சம் பொறுப்பதா என்று இரவெல்லாம் முடிவெடுத்த பிறகு, விடியற்காலையில் வீட்டிலிருந்து போனில் சின்னதாக ஒன்று கேட்டாலும் "நீங்களே பார்த்துக்கோங்க" என்றுதான் வாயில் வரும். அதே நேரம் ஒரு படுக்கையில் மூச்சுத்திணறல் என்று குரல் கேட்டால் கால் தானாக ஓடுகிறது. தீர்ந்துபோனது என்றால் இது எங்கிருந்து வருகிறது?

பேட்டரி கதைக்கு வேர் 1998-இல் அமெரிக்க உளவியலாளர் ராய் பௌமைஸ்டரின் குழு செய்த சோதனை. 2016-இல் 23 ஆய்வகங்கள் சேர்ந்து அந்தக் கருத்தைச் சோதித்தபோது மனஉறுதி தீர்ந்துபோகும் விளைவு ஏறக்குறையத் தென்படவே இல்லை. அதற்கு முன்பே, 2003-இல், மார்க் முராவன் என்ற உளவியலாளர் ஒரு சோதனையில் ஒன்றைக் காட்டியிருந்தார்: மனதைக் கட்டுப்படுத்திக் களைத்தவர்களிடம், அடுத்துச் செய்யும் வேலை அல்சைமர் என்ற மறதி நோய் உள்ளவர்களுக்கு உதவலாம் என்று சொன்னதும், களைக்காதவர்களுக்கு ஈடாகச் செய்தார்கள்.

வார்டில் நான் தினமும் பார்ப்பது இதைத்தான். எழுந்திருக்க முடியாத நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். கடைசிச் சுற்றில் அதைத் தள்ளிப்போடத் தோன்றும். புதிதாகச் சேர்ந்த பெண்களிடம் "மனசைத் திடமா வெச்சுக்கோ" என்று நான் சொல்வதில்லை. கூட்டிப்போய், இடுப்புக்குக் கீழே தோல் சிவந்து, விரலால் அழுத்தினாலும் அந்தச் சிவப்பு மாறாமல் இருப்பதைக் காட்டுவேன். படுக்கைப்புண் தொடங்கும் இடம் அது. கண்ணால் பார்த்தவர்களுக்கு இரண்டாம் முறை சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் நிர்வாகத்தில் இருப்பவர்கள் இதைப் பிடித்துக்கொண்டு ஓய்வைக் குறைத்துவிடக் கூடாது. அக்கறை ஒருவரை ஓடவைக்கும். மருந்தளவுக் கணக்கில் வரும் பிழையைத் தடுக்காது. இன்சுலின் ஊசியை இரண்டாவது ஆள் ஒருவர் சரிபார்ப்பது அதற்காகத்தான். அந்த இரண்டாவது ஆளும், இரவில் சற்று உட்கார ஒரு நேரமும் எங்களுக்குக் கட்டாயம் வேண்டும். உங்கள் பக்கத்தில் இதையும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
மூத்த செவிலியர் ஒருவர்