பென்சிலில் எழுதிய கட்டணச் சலுகை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பங்குனி பிறந்துவிட்டால் மதுரைச் சாலைகளில் சித்திரைத் திருவிழாப் பலகைகளுக்குப் போட்டியாகத் தனியார் பள்ளிகளின் சேர்க்கை ஃப்ளெக்ஸ்களும் எழுந்துவிடுகின்றன. ‘விளையாட்டில் சிறந்த மாணவர்களுக்குக் கட்டணச் சலுகை’ என்ற வரியை இப்போது அவற்றில் அடிக்கடி பார்க்கிறேன். 2025ஆம் ஆண்டு இறுதியில் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கிப் போட்டிகளில் ஒரு பகுதி நம் ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் நடந்த பிறகு, “பிள்ளையை ஸ்போர்ட்ஸில் காட்டி நல்ல ஸ்கூலில் சேர்த்துவிட முடியுமா சார்?” என்று கேட்டு என் வீட்டு வாசலுக்கு வருகிற பெற்றோரும் கூடியிருக்கிறார்கள். அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றில் முப்பத்தொரு ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன் நான்; பதினைந்து பிள்ளைகளையாவது நானே அழைத்துப் போய்த் தனியார் பள்ளிகளில் சேர்த்திருக்கிறேன். விசில் ஊதியே பழகிய வாய்க்குக் கடிதம் வாய்க்காது என்பார்கள், இருந்தாலும் எழுதுகிறேன். எத்தனை ஆண்டுகளுக்கு, எந்தெந்தக் கட்டணத்துக்கு, அடிபட்டு ஆட முடியாமல் போனால் என்ன என்பதைப் பள்ளி எழுத்தில் தராதவரை அந்தச் சலுகையை நம்பி யாரும் பிள்ளையைச் சேர்க்க வேண்டாம். எழுத்தில் தர வேண்டும் என்று பள்ளிக் கல்வித் துறை உத்தரவிடவும் வேண்டும்.

இதைச் சொல்லவைத்தது மேலூர் வட்டத்துக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த ஒரு பெண்பிள்ளை. தந்தை மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டில் சுமை தூக்குபவர். கோடைப் பயிற்சி முகாமில் அவள் நீளம் தாண்டியதைப் பார்த்துவிட்டு, அந்த வாரமே ஒரு தனியார் பள்ளி முதல்வரிடம் அவளை அழைத்துச் சென்றேன். “ஃபீஸைப் பற்றி நீங்கள் கவலையே படாதீர்கள், பிளஸ் டூ வரை எங்கள் பொறுப்பு” என்றார் அவர். அந்த வார்த்தையை வாங்கிக்கொண்டு ஆறாம் வகுப்பில் சேர்த்துவிட்டுத் திரும்பினோம். கட்டண அட்டையில் கற்பிப்புக் கட்டணத்துக்கான கட்டத்தில் மட்டும் தொகை எழுதாமல், ‘ஸ்போர்ட்ஸ்’ என்று பென்சிலால் எழுதியிருந்தார்கள். அதை அன்று நானும் கண்ணால் பார்த்தேன். பென்சிலாக இருக்கிறதே என்று எனக்குத் தோன்றவில்லை.

விலக்கு அளிக்கப்பட்ட கற்பிப்புக் கட்டணம் 38,000 ரூபாய். பள்ளி வாகனத்துக்கு 16,000, பாடநூல், நோட்டுகளுக்கு 8,200, சீருடை, விளையாட்டு உடை, காலணிகளுக்கு 6,500, கணினிக்கும் ஸ்மார்ட் வகுப்புக்கும் ஆண்டு விழாவுக்குமாக 5,000 என்று முதல் ஆண்டிலேயே அந்தத் தந்தை 35,700 ரூபாய் கட்டினார். வெளியூர்ப் போட்டிகளுக்குப் போய்வந்த செலவையும் ஸ்பைக்ஸ் (அடியில் ஆணி பதித்த ஓட்டக் காலணி) வாங்கிய செலவையும் நான் இதில் சேர்க்கவில்லை. ஊரில் எல்லாரும் ‘இலவசமாகப் படிக்கிற பிள்ளை’ என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், அவர் தண்டலுக்குக் கடன் வாங்கிக் கட்டணம் கட்டிக்கொண்டிருந்தார் என்பது எனக்கே பின்னால்தான் தெரியவந்தது.

எட்டாம் வகுப்பில் வருவாய் மாவட்டப் போட்டியில், கெட்டித்துப்போன மணலில் இறங்கியபோது அவளுக்கு முழங்கால் ஜவ்வு கிழிந்தது. பெரியாஸ்பத்திரியில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் அறுவை சிகிச்சை செய்தார்கள், நன்றாகவே செய்தார்கள். ஆனால் அந்த ஆண்டு முழுவதும் அவளால் ஓட முடியவில்லை. ஒன்பதாம் வகுப்புக்கு முழுக் கட்டணத்தையும் செலுத்தும்படி பள்ளியிலிருந்து தகவல் வந்தது. வாக்குக் கொடுத்த முதல்வர் அதற்குள் வேறு பள்ளிக்குப் போய்விட்டிருந்தார். புதிதாக வந்தவர், அப்படி ஓர் ஏற்பாடு இருந்ததற்கான தாள் எதுவும் கோப்பில் இல்லை என்றார், அது உண்மையும்கூட. மகளை அரசுப் பள்ளியில் சேர்ப்பதற்காக மாற்றுச் சான்றிதழ் கேட்டுப் போன தந்தையிடம், அலுவலகத்தில் இருந்தவர் கட்டண அட்டையைத் திருப்பிக் காட்டி, “மூணு வருஷமா இந்தக் கட்டம் காலியா இருக்கேண்ணே, பாக்கின்னுதானே அர்த்தம்?” என்று கேட்டிருக்கிறார். பென்சில் எழுத்து அழிந்துபோயிருந்தது. யாரேனும் அழித்தார்களா, தானே மங்கியதா என்று நான் ஆராயப் போவதில்லை. மையால் எழுதியிருந்தால் அந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

கட்டணப் பாக்கியை வசூலிக்க மாற்றுச் சான்றிதழைக் கருவியாக்கக் கூடாது என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருப்பதை எடுத்துச் சொன்ன பிறகுதான் சான்றிதழ் கைக்கு வந்தது. உடற்கல்வி அறை அலமாரியில் பூட்டிவைத்திருந்த அவளுடைய போட்டிச் சான்றிதழ்களின் அசல்களை வாங்க மேலும் இரண்டு மாதங்கள் ஆயின. அந்த வருடச் சேர்க்கை ஃப்ளெக்ஸில் மட்டும் அவள் பதக்கத்தோடு சிரித்துக்கொண்டிருந்தாள்.

சலுகை போனதைவிடப் பெரிய இழப்பு வேறு. அதை நானும் முன்கூட்டிக் கணக்குப் போடவில்லை. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற படிப்புகளில் 2021 முதலும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. அதற்கும் ஆறாம் வகுப்பிலிருந்தே கணக்கு. எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழி மற்றும் தகுதிப் படிப்புதவித் தேர்வில் தேறினால், ஒன்பதாம் வகுப்பு முதல் நான்கு ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய் வரும்; அரசுப் பள்ளியிலோ உதவிபெறும் பள்ளியிலோ படிப்பவர்களே அதை எழுத முடியும். இந்தப் பிள்ளை ஆறு, ஏழு, எட்டு ஆகிய மூன்று வகுப்புகளைத் தனியார் பள்ளியில் படித்ததால், இன்று அரசுப் பள்ளியில் இருந்தும் இவை ஒன்றுக்கும் உரியவள் அல்லள். ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளையை விளையாட்டுக்காகத் தனியார் பள்ளிக்கு மாற்ற நினைக்கும் பெற்றோர், அங்கே மிச்சமாகும் தொகையோடு இங்கே கைவிட்டுப் போவதையும் சேர்த்து ஒரு தாளில் எழுதிப் பார்க்க வேண்டும்.

கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டு இடத்தில் சேர்க்க முடியாதா என்றும் பலர் கேட்கிறார்கள். அது எல்.கே.ஜி. போன்ற தொடக்க நிலை வகுப்புச் சேர்க்கைக்கு மட்டுமே உரியது. ஆறாம் வகுப்புக்கு வந்துவிட்ட பிள்ளைக்கு உதவாது.

பள்ளிகள் எல்லாமே இப்படி என்று நான் சொல்லவில்லை. நகரின் தென்பகுதியில் உள்ள ஒரு பள்ளியில், நான் சேர்த்த கபடி விளையாடும் பையனுக்குத் தாளாளர் தம் கையொப்பத்தோடு கடிதம் கொடுத்தார். அவனும் பத்தாம் வகுப்பில் தோள்பட்டை இறங்கி ஆட்டத்தை விட்டவன்தான்; பிளஸ் டூ வரை ஒரு ரூபாய் கேட்கவில்லை. சலுகை தரும் பள்ளிக்கும் அதனால் பயன் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. குறுவட்டத்தில் தொடங்கி மாநிலம் வரை போகிற குடியரசு தின, பாரதியார் தினப் போட்டிகளில் பள்ளியின் பெயர் ஒலிபெருக்கியில் வருவதற்கும், மறுநாள் நாளிதழில் படம் வருவதற்கும் விலை இருக்கிறது. பிள்ளை அந்த விலையைத் தன் உடம்பால் கட்டுகிறது. ஆகவே இதைத் தருமமாகக் கருதிப் பெற்றோர் கைகட்டி நிற்க வேண்டியதில்லை; இரு தரப்பும் செய்துகொள்ளும் ஏற்பாடாகவே பேசலாம்.

சக்கிமங்கலத்து ரேவதி வீரமணி காலணி இல்லாமல் ஓடத் தொடங்கி 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடினார். பயிற்சியாளர் கண்ணன் அவருடைய பாட்டியிடம் பேசிச் சம்மதிக்க வைத்து, லேடி டோக் கல்லூரியில் இடமும் தங்க விடுதியும் கிடைக்கச் செய்தது மதுரை விளையாட்டு வட்டாரத்தில் எல்லாரும் அறிந்த கதை. உதவி என்றால் இடமும் சோறும் படிப்பும் சேர்ந்து வர வேண்டும். பாதிக் கிணறு தாண்டவைத்துவிட்டுக் கையை விடுவது உதவி ஆகாது. அப்படிச் சேர்ந்து வருவது தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளில். 7, 8, 9, 11 ஆகிய வகுப்புகளில் சேர்வதற்குத் தேர்வுப் போட்டி நடத்தி எடுக்கிறார்கள். அங்கே இடம் கிடைக்கக்கூடிய திறமை உள்ள பிள்ளைகளையும்கூட, ஆங்கில வழிப் படிப்பு என்ற ஒரே ஆசையில் பெற்றோர் தனியார் பள்ளிக்கு அழைத்துப் போவதைப் பார்த்திருக்கிறேன். அந்த ஆசையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் பிள்ளைகளையும் அப்படித்தான் படிக்கவைத்தேன்.

துறையிடம் நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியம் அல்ல. 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதியின் தலைமையில் உள்ள குழு தனியார் பள்ளிகளுக்குக் கட்டணம் நிர்ணயிக்கிறது. அந்தக் கட்டணத்தில் எவ்வளவு விலக்கப்பட்டது என்பதைப் பருவந்தோறும் ரசீதிலேயே அச்சிட்டுத் தரச் சொன்னால் போதும்: முழுத் தொகை, விலக்கு, செலுத்திய தொகை. ‘இலவசம்’ என்று எழுதிய ரசீது கையில் இருந்தால் பின்னால் யாரும் அதைப் பாக்கி என்று சொல்ல முடியாது. விளையாடி அடிபட்ட பிள்ளைக்கு, அது படித்துக்கொண்டிருக்கும் நிலை முடியும்வரை, அதாவது பத்தாம் வகுப்போ பிளஸ் டூவோ முடியும்வரை, விலக்கை நிறுத்தக் கூடாது என்ற ஒரு நிபந்தனையையும் சேர்க்க வேண்டும். அசல் சான்றிதழ்கள் பிள்ளையின் வீட்டில்தான் இருக்க வேண்டும். பள்ளிக்கு நகல் போதும்.

உத்தரவு வரும்வரை நான் சும்மா இருக்கவில்லை. ஒரு பக்கத்தில் இந்த விவரங்களைத் தட்டச்சு செய்து, கீழே தாளாளர் கையொப்பத்துக்கு இடம் விட்டு, பிள்ளையோடு போகும்போது எடுத்துச் செல்கிறேன். இந்த ஆண்டு மூன்று பள்ளிகளுக்குப் போனேன். ஒரு பள்ளியில் வாகனக் கட்டணம் தங்களால் ஏற்க முடியாது என்று அந்த வரியை அடித்துவிட்டு மற்றதற்குக் கையொப்பமிட்டார்கள். அது நேர்மையான பதில், அந்தப் பையனைச் சேர்த்துவிட்டோம். இன்னொரு பள்ளியில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள், இன்னும் சொல்லவில்லை. மூன்றாவது இடத்தில், “என்ன சார், எங்கள் வார்த்தை மேல் நம்பிக்கை இல்லையா?” என்று கேட்டுத் தாளைத் திருப்பித் தந்துவிட்டார்கள். அந்தப் பிள்ளை விளையாட்டு விடுதித் தேர்வுக்காக ரேஸ்கோர்ஸில் காலை ஐந்தரை மணிக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
திருநகர், மதுரை.