ஸ்போக்கன் இங்கிலீஷ் அல்ல, படிக்கும் ஆங்கிலமே தேவை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கல்லூரிகளில் முதலாண்டு வகுப்பு தொடங்கினால், தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைகளுக்கு ‘ஸ்போக்கன் இங்கிலீஷ்’ வகுப்பும் கூடவே தொடங்கிவிடுகிறது. நல்ல எண்ணத்தில் செய்வதுதான். ஆனால் இந்தப் பிள்ளைகள் முதல் செமஸ்டரில் அரியர் வைப்பது ஆங்கிலம் பேச வராததால் அல்ல. பாடப்புத்தகத்தின் ஒரு பக்கத்தை வாசித்துப் பொருள் கொள்ள முடியவில்லை, கேள்வித்தாள் என்ன கேட்கிறது என்று பிடிபடவில்லை. சரிசெய்ய வேண்டிய இடம் இது. “மை நேம் ஈஸ், மை ஹாபி ஈஸ்” என்று தன்னறிமுகத்தை மனப்பாடம் செய்ய வைப்பதால் கணிதத் தாளில் ஒரு மதிப்பெண்கூட ஏறப்போவதில்லை. நேர்முகத் தேர்விலும் அந்த மனப்பாடம் இரண்டாவது கேள்வியோடு தீர்ந்துவிடுகிறது.

பேச்சுமொழி வேறு, படிப்புமொழி வேறு. கனடாவின் மொழிக்கல்வி ஆய்வாளர் ஜிம் கமின்ஸ் 1979-இல் இதைப் பிரித்துக் காட்டினார். ஆங்கிலம் புழங்கும் நாட்டில் குடியேறிய குழந்தைகளுக்கே பேச்சு ஏறத்தாழ 2 ஆண்டுகளில் வந்துவிடுகிறது. பாடத்தைப் படித்து எழுதும் திறன் வகுப்பின் மற்ற பிள்ளைகள் அளவுக்கு வர 5 முதல் 7 ஆண்டுகள் ஆகின்றன. சுற்றிலும் ஆங்கிலம் ஒலிக்கும் சூழலிலேயே கணக்கு இப்படி. நம் பிள்ளைகளுக்குக் கிடைப்பதோ பிளஸ் டூ முடிவுக்கும் முதல் இன்டர்னல் தேர்வுக்கும் இடைப்பட்ட சில மாதங்கள்.

எங்கே இடறுகிறார்கள் என்று உற்றுப் பார்த்தால், பலரும் நினைப்பதுபோல் கலைச்சொற்களில் அல்ல. ஆக்ஸிஜன், வோல்டேஜ், டெரிவேட்டிவ் போன்றவை ஒரு மாதத்தில் பழகிவிடும். பாடநூலின் பின்பக்கச் சொற்பட்டியலும் அவற்றைத்தான் தருகிறது. அந்தப் பட்டியலில் வராத சின்னச் சொற்களே ஆளைக் கவிழ்க்கின்றன: அன்லெஸ், ஹென்ஸ், வேர்ஆஸ், சப்போஸ், ப்ரொவைடட் தட், வித் ரெஸ்பெக்ட் டு. பாயில் விதியை எடுத்துக்கொள்ளுங்கள். மாறாத வெப்பநிலையில் வாயுவின் அழுத்தம் அதன் கனஅளவுக்கு எதிர்விகிதத்தில் இருக்கும் என்று தமிழில் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் மாணவி, ஆங்கில நூலில் “பிரஷர் வேரீஸ் இன்வர்ஸ்லி வித் வால்யூம்” என்று பார்க்கிறாள். ‘வித்’ என்றால் ‘உடன்’ என்று படித்திருக்கிறாள். ‘இன்வர்ஸ்லி’யைத் தாண்டிவிட்டால் அழுத்தமும் கனஅளவும் சேர்ந்தே கூடும் என்று பொருள் கொள்கிறாள். தெரிந்த இயற்பியலே தெரியாததுபோல் ஆகிவிடுகிறது.

சொல் வரிசை இன்னொரு பள்ளம். தமிழில் ‘நான்கில் மூன்று’ என்கிறோம். பகுதி (கீழ் எண்) முதலில், தொகுதி (மேல் எண்) பிறகு. ஆங்கிலத்தில் ‘த்ரீ ஃபோர்த்ஸ்’, தொகுதி முதலில். காதில் விழும் வரிசையிலேயே பழைய பழக்கத்தில் எழுதினால் மேலே இருக்க வேண்டியது கீழே போய்விடும். ‘எக்ஸிலிருந்து 5 குறைவு’ என்று தமிழில் சொன்னால் எக்ஸ் முதலில் வருகிறது, எக்ஸ் கழித்தல் 5 என்று கை தானாக எழுதுகிறது. ‘ஃபைவ் லெஸ் தேன் எக்ஸ்’ என்றால் 5 கழித்தல் எக்ஸ் என்று எழுதத் தோன்றும். (ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் இதில் வழுக்குவதுண்டு. ஆகவே ‘தமிழ் மீடியம், அதான்’ என்று முத்திரை குத்த வேண்டாம்.) திருத்துபவர் இதைக் கணிதப் பிழை என்று குறித்துவிட்டுப் போகிறார். அது வாசிப்புப் பிழை. மருந்தும் வேறு: கணக்கைப் போடச் சொல்வதற்கு முன், கேள்வியில் எது எதிலிருந்து கழிகிறது என்று தமிழில் ஒரு வரி எழுதச் சொன்னால் பாதிக் குழப்பம் அங்கேயே தெளிந்துவிடும்.

இதற்கு ஒரு பாலப் பயிற்சி (பிரிட்ஜ் கோர்ஸ்) வேண்டும். 30 மணி நேரம் போதும்: வாரம் 5 மணி, 6 வாரம். பொறியியல் கல்லூரிகளில் ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) வகுத்த முதலாண்டு அறிமுகப் பயிற்சியில் மொழித்திறனுக்கு இடம் உண்டு, அங்கிருந்தே தொடங்கலாம். விதி ஒன்றே: புதிய மொழியில் பழைய பாடம், பழைய மொழியில் புதிய பாடம். இரண்டும் புதிதாக ஒரே நேரத்தில் வந்தால் மண்டையில் எதுவும் நிற்காது. பாடப்பொருளுக்காக எங்கும் அலைய வேண்டியதில்லை. தமிழ்நாட்டின் பிளஸ் ஒன், பிளஸ் டூ பாடநூல்கள் இரு மொழியிலும் உள்ளன. பாடவரிசையும் படங்களும் ஒன்றே. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஏற்கெனவே தமிழில் படித்துத் தேர்வு எழுதிய பாடத்தின் ஆங்கில வடிவத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஒரு மணி நேரத்துக்கு ஒரு பத்தி, 80 முதல் 100 சொற்கள். அதற்கு மேல் பேராசை வேண்டாம். முதலில் தமிழ்ப் பத்தியை ஒருமுறை வாசிக்க வேண்டும். பிறகு ஆங்கிலப் பத்தியில் ஒவ்வொரு வாக்கியத்தின் வினைச்சொல்லையும் அடிக்கோடிட வேண்டும். தமிழில் வினை கடைசியில் வரும். ஆங்கிலத்தில் நடுவில் எங்கோ ஒளிந்திருக்கும். அதைக் கண்டுபிடித்துவிட்டால் யார், எதை என்பவை தாமாக விழும். ‘ஈஸ் கெப்ட்’, ‘வாஸ் அப்சர்வ்ட்’ போன்ற செயப்பாட்டு வினைகளைத் தனி நிறத்தில் குறிப்பது நல்லது. அறிவியல் நூல்களில் அவைதான் மிகுதி. அடுத்து, நோட்டில் மூன்று நெடுவரிசை பிரித்து சொல், தமிழ்ப் பொருள், அந்தப் பாடத்தில் அது வந்த முழு வாக்கியம் என்று எழுத வேண்டும். மூன்றாவது நெடுவரிசையைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். அது இல்லாவிட்டால் அந்த நோட்டு இன்னொரு அகராதி, அவ்வளவே. கடைசிப் பத்து நிமிடம் இருவர் இருவராக அமர்ந்து, படித்ததைத் தமிழில் 2 நிமிடம் விளக்கிவிட்டு அதையே ஆங்கிலத்தில் 1 நிமிடம் சொல்ல வேண்டும். இடையில் தமிழ்ச் சொல் கலந்தால் நிறுத்தக் கூடாது. ஒரு மொழியில் வாசித்து இன்னொரு மொழியில் சொல்வது வேல்ஸ் நாட்டுப் பள்ளிகளில் 1990-களிலேயே முறைப்படி வகுக்கப்பட்ட வழி. நாம் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

இந்த இடத்தில் ஆசிரியர்கள் செய்யும் தவறு ஒன்றுண்டு, அதுவும் பரிவினால் செய்வது: ஒவ்வொரு ஆங்கில வாக்கியத்துக்கும் உடனே தமிழாக்கம் சொல்வது. நான்காம் நாளுக்குள் மாணவர்கள் ஆங்கில வாக்கியம் ஓடும்போது காதை மூடிக்கொண்டு தமிழுக்காகக் காத்திருக்கப் பழகிவிடுவார்கள். இன்று என்ன பார்க்கப்போகிறோம் என்று முதல் 5 நிமிடம் தமிழில், பாடம் ஆங்கிலத்தில், முடிவில் மாணவர்களே தமிழில் தொகுத்துச் சொல்வது என்று வைத்துக்கொண்டால் இந்தச் சோம்பல் வராது. சந்தேகம் கேட்பது மட்டும் எப்போதும் எந்த மொழியிலும் இருக்கட்டும். “ஆங்கிலத்தில் கேள்” என்ற இரண்டு சொல் ஒரு வகுப்பை ஆண்டு முழுக்க ஊமையாக்கிவிடும்.

அந்த ஊமைத்தனத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பள்ளியில் பட்டிமன்றம் பேசிய பையன் கல்லூரியில் கடைசி பெஞ்சுக்குப் போய்விடுகிறான். ஆசிரியர் கண்ணில் அவன் ‘அமைதியான பையன்’, சில நேரம் ‘சுமாரான பையன்’. தன் வயதுக்கும் அறிவுக்கும் ஏற்றபடி பேச ஒரு மொழி இருந்தும், 6 வயதுக் குழந்தையின் வாக்கியங்களில் தன்னைக் காட்டிக்கொள்ளச் சொன்னால் யாரும் வாயை மூடிக்கொள்ளத்தான் செய்வார்கள். 18 வயதில் கேலிக்கு அஞ்சுவது மொழியறிவின் குறை அல்ல. விடுதியில் ‘தமிழ் மீடியமா?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லத் தயங்குகிறார்கள்; அதே பிள்ளைகள்தான் நாளை தமிழ்வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத அரசுப்பணி ஒதுக்கீட்டுக்குச் சான்றிதழ் வாங்க வரிசையில் நிற்பார்கள். 2010-இல் கொண்டுவந்த சட்டம் அது. வேலைக்குத் தகுதியாகும் ஒன்று வகுப்பறையில் வெட்கமாக இருப்பது நம் ஏற்பாட்டின் கோணல்.

பழியை ஆங்கிலத்தின்மேல் மட்டும் போட எங்களுக்கு மனமில்லை. தாய்மொழியில் சிந்தித்து எழுதப் பழகிய திறன் அடுத்த மொழிக்கும் கைமாறும் என்பது உண்மை. ஆனால் கைமாற ஏதாவது இருக்க வேண்டுமே! முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று தலைப்பிட்டு, வழிகாட்டி நூல் கட்டுரையை அப்படியே இறக்கிவைப்பதுதான் பல தமிழ் வகுப்புகளில் கட்டுரைப் பயிற்சி. 12 ஆண்டுகள் தமிழிலேயே படித்தும், ‘நீ என்ன நினைக்கிறாய், ஏன்?’ என்பதற்குச் சொந்தமாக 5 வாக்கியம் எழுதாமலே ஒருவர் பள்ளியை முடித்துவிடலாம்.

போதாததற்குப் பேச்சுத் தமிழ், எழுத்துத் தமிழ் இடைவெளி வேறு. ‘வந்துட்டிருந்தேன்’ என்று எழுதும் பிள்ளைக்குச் சிவப்பு மையில் ஒரு சுழி கிடைக்கிறது. வீட்டில் பேசுவது தவறு என்று அது எடுத்துக்கொள்கிறது. அடுத்த முறை எழுத வேண்டியதைக் குறைத்துக்கொள்கிறது. 8, 9-ஆம் வகுப்புகளில் இதை மாற்றலாம். முதல் படியைப் பேசுவதுபோலவே எழுத விடுங்கள், பிழை பார்க்காதீர்கள். இரண்டாம் படியில் ‘வந்துகொண்டிருந்தேன்’ என்று எழுத்துத் தமிழுக்கு மாற்றச் சொல்லுங்கள். ஒரு நேரத்தில் இரண்டு வகைப் பிழைகளை மட்டும் குறியுங்கள்: இந்த வாரம் ல, ழ, ள, அடுத்த வாரம் ஒற்று மிகும் இடம். 40 பேர் நோட்டையும் வாராவாரம் திருத்த யாராலும் முடியாது. வாரம் 10 நோட்டு என்று சுழற்சியில் எடுத்தால் மாதத்துக்கு ஒருமுறை எல்லோருக்கும் முறை வந்துவிடும்.

ஆங்கிலவழியில் படித்தவர்களும் தப்பிவிடவில்லை. அரசுப் பள்ளிகளில் 2012–13 முதல் ஆங்கிலவழிப் பிரிவுகள் பரவலாகின. வகுப்பில் விளக்கம் தமிழில், எழுதுவது மனப்பாட ஆங்கிலத்தில் என்று வளர்ந்தவர்கள் இரண்டு மொழியிலும் சொந்தமாக ஒரு பக்கம் எழுதத் திணறுகிறார்கள். கைப்பேசியில் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுவது ஒன்றுதான் அவர்களுக்குச் சரளம். மேலே சொன்ன பாலப் பயிற்சி அவர்களுக்கும் பொருந்தும், தமிழ்ப் பக்கத்திலிருந்து தொடங்கினால்.

இனித் தேர்வு. கேள்விகளில் திரும்பத் திரும்ப வரும் ஏவல் சொற்கள் ஸ்டேட் (கூறுக), டிஃபைன், டிரைவ் (வருவிக்க), ஜஸ்டிஃபை, டிஸ்டிங்க்விஷ், அக்கவுன்ட் ஃபார் என்று சுமார் 20 இருக்கும். ஒவ்வொன்றும் எத்தனை வரி, எந்த மாதிரி விடை கேட்கிறது என்று ஒரே தாளில் அச்சிட்டு முதல் நாளே கொடுத்துவிடலாம். ‘ஸ்டேட்’ என்ற 2 மதிப்பெண் கேள்விக்கு ஒன்றரைப் பக்கம் எழுதிவிட்டு ‘டிரைவ்’ கேள்விக்கு நேரமில்லாமல் போவது அறியாமையால் அல்ல. கேள்வித்தாளின் மொழி எவ்வளவு தூரம் இழுக்கும் என்பதை 2018 நீட் தேர்வில் பார்த்தோம். தமிழ் வினாத்தாளின் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புக் குறை என்று வழக்குப் போய், உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 196 மதிப்பெண் வழங்கச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மொழிபெயர்த்தால் மட்டும் போதாது, பாடம் தெரிந்த இன்னொருவர் மூலத்தைப் பார்க்காமல் தமிழை மட்டும் வாசித்து விடை எழுதிப் பார்க்க வேண்டும். முதல் இரண்டு செமஸ்டர்களின் இன்டர்னல் தேர்வுகளிலாவது இருமொழி வினாத்தாள் கொடுப்பது துறைத்தலைவர் அளவிலேயே முடியக்கூடியது. விடையில் ஒரு வரி தமிழில் இருந்தால் கருத்துக்கு மதிப்பெண் போடுங்கள். செமஸ்டர் தேர்வுக்குள் அந்த வரியும் ஆங்கிலத்துக்கு மாறிவிடும்.

பாலப் பயிற்சியை யார் நடத்துவது என்ற கேள்வி வரும். ஆங்கிலத் துறையின் தலையில் கட்டிவிடாதீர்கள். இயற்பியலின் ஆங்கிலத்தை இயற்பியல் ஆசிரியர்தான் அவிழ்த்துக் காட்ட முடியும். வாக்கிய அமைப்புக்கு ஆங்கில ஆசிரியர் உடன் இருக்கட்டும். இன்னொன்று: தமிழ்வழி மாணவர்களை மட்டும் தனி பேட்ச்சாகப் பிரித்து மாலை 4 மணிக்கு மேல் உட்கார வைக்க வேண்டாம். மூன்றாம் நாளே வருகை பாதியாகும், பெயரும் கெட்டுவிடும். காலைப் பாடவேளையிலேயே, எல்லோருக்கும் பொதுவாக, இரு மொழி தெரிந்தவரையும் ஒரு மொழி தெரிந்தவரையும் ஜோடி சேர்த்து நடத்துங்கள்.

இப்படிக்கு,
முதலாண்டு வகுப்பு ஆசிரியர்கள் சிலர்