கறுப்பிக்கு நாலு ஊசி

ஆயர் ஈத்தாம், பினாங்கு

அன்புள்ள மாரி,

போன வாரம் பேசும்போது உன் நாய் டைகருக்கு ஒரு பக்க மூக்கில் மட்டும் ரத்தம் வருகிறது என்றாய். அன்று இங்கே நல்ல மழை, லைனும் சரியில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

தைப்பூசத்துக்கு வந்தபோது எங்கள் கேட்டோரம் படுத்திருந்த கறுப்பியைப் பார்த்திருப்பாய். தெரு நாய்தான், ஆனால் இப்போது என் வீட்டுக்காரி அவளுக்கு வைத்த பிறகுதான் எனக்குத் தோசை. இரண்டு மாதத்துக்கு முன் அவளுக்குப் பின்பக்கம் ரத்தம் சொட்டியது. பருவம் என்று விட்டுவிட்டோம். நிற்கவே இல்லை. முதலில் போன கிளினிக்கில் சிறுநீர்த் தொற்று என்று மாத்திரை கொடுத்தார்கள். பத்து நாள் வீண். அடுத்த டாக்டரம்மா கையுறை மாட்டிப் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டார். உள்ளே காலிஃபிளவர் மாதிரி ஒரு கட்டி. அதில் கண்ணாடித் துண்டை ஒற்றி, சாயம் ஊற்றி, என்னையும் மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். உருண்டை உருண்டையாகச் செல்கள், உள்ளே சோப்பு நுரை போலக் குமிழ்கள்.

இது ஒட்டுப் புற்று, மாரி. கிருமியால் வருவதில்லை. கட்டியின் உயிருள்ள செல்லே நாய்க்கு நாய் தாவுகிறது, இணையும்போது, நக்கும்போது, மோந்து பார்க்கும்போது. நாயின் செல்லில் 78 குரோமோசோம் இருக்கும். இந்தக் கட்டியின் செல்லில் சுமார் 60தான். பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இருந்த ஏதோ ஒரு நாயின் செல்லாம். அந்த நாய் மண்ணாகிப் போயும் அதன் கட்டி இன்னும் ஊர் ஊராகத் திரிகிறது! மனிதர்களுக்கு ஒட்டாது, பயப்படாதே.

மருந்தின் பெயர் வின்கிரிஸ்டின். வாரம் ஒரு ஊசி, நரம்பில். நரம்புக்கு வெளியே ஒரு துளி கசிந்தாலும் சதை அழுகிவிடும் என்பதால் டாக்டரம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் போடுகிறார். ஒவ்வொரு தடவையும் முதலில் ரத்தம் பார்ப்பார். மூன்றாவது வாரம் வெள்ளணு குறைந்திருந்ததால் ஊசியை ஒரு வாரம் தள்ளிவைத்தார். ஊசி போட்ட சில நாளைக்கு அவள் மலத்தை நான் கையுறையோடுதான் அள்ளுகிறேன். பெரும்பாலான நாய்களுக்கு நாலு முதல் எட்டு ஊசிக்குள் கரைந்துவிடுமாம்.

அந்த மருந்து எதிலிருந்து வருகிறது தெரியுமா? நம் லயத்து வாசலில் பூத்துக் கிடந்ததே நித்தியகல்யாணி, அதிலிருந்துதான். சுடுகாட்டுப் பூ என்று பாட்டி பிடுங்கி எறிவாள். உடனே இலையைக் காய்ச்சிக் கொடுத்துவிடாதே, அது விஷம். நீ செய்யக்கூடிய ஆள்!

டைகருக்கும் இதுதான் என்று நான் சொல்லவில்லை. உண்ணிக் காய்ச்சலிலும் மூக்கில் ரத்தம் வரும், அதனால் ரத்தப் பரிசோதனையையும் விடாதே. ஆனால் ஊர் சுற்றி எல்லாவற்றையும் மோந்து பார்க்கும் ஆண் நாய் அவன். இந்தக் கட்டி மூக்கிலும் வரும். மூக்கிலிருந்து மாதிரி எடுத்துப் பார்க்கச் சொல்லி நீயே கேள். அவனுக்கு ஏன் இன்னும் கருத்தடை செய்யவில்லை என்று நேரில் வரும்போது திட்டுகிறேன்.

கறுப்பியின் கட்டி இப்போது மொச்சைக் கொட்டை அளவு. செவ்வாய்க்கிழமை ஐந்தாவது ஊசி. டைகர் ரிப்போர்ட் வந்ததும் படம் எடுத்து அனுப்பு, டாக்டரம்மாவிடம் காட்டுகிறேன்.

அன்புடன்,
கோபால்